கடை மூடிட்டு ராத்திரி தனியா வர்றவருக்கு எந்த பிஸ்டல்? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல துப்பாக்கி வாங்கறதைப் பத்திதான், அதுவும் முக்கால்வாசி டெக்சாஸ்லேருந்து. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இதுக்கு மட்டும் பதில் எழுதறேன். ஊரு பேரு தவிர வேற அடையாளம் எதுவும் போடலை.

கேள்வி (இர்விங், டெக்சாஸ்): அண்ணா, கிரீன் கார்டு வந்து மூணு வருஷம் ஆச்சு. மச்சானோட சேர்ந்து கேஸ் ஸ்டேஷன் நடத்தறோம், ராத்திரி 11 மணிக்கு மூடிட்டு கலெக்‌ஷனை எடுத்துட்டு கிளம்பறது நான்தான். போன மாசம் பக்கத்து தெரு கடைக்காரரை பார்க்கிங்ல அடிச்சு பணத்தைப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க, அதுலேருந்து நான் வீட்டுக்கு வர்ற வரைக்கும் மனைவி தூங்கறதே இல்ல. எல்லாம் சேர்த்து 650 டாலர்தான் ஒதுக்க முடியும். கன் ஷாப்ல ஒருத்தர் பாக்கெட்ல போட்டுக்கற மாதிரி குட்டி 380 பிஸ்டல் ஒண்ணைக் காட்டி இதான் பெஸ்ட்னு சொல்றார், ஃப்ரெண்ட் கிளாக் 19 வாங்குன்றான், டாரஸ் ஜி3சி அதுல பாதி விலைன்னு இன்னொருத்தர் சொல்றார். எனக்கு கை வேற சின்னது. எதை வாங்கட்டும்?

பதில்: தம்பி, சுத்தி வளைக்காம சொல்லிடறேன், உங்க பட்ஜெட்டுக்கும் உங்க கைக்கும் என் ஓட்டு ஸ்மித் அண்ட் வெசன் ஷீல்ட் பிளஸுக்கு, 9 எம்எம் தோட்டா போடற பிஸ்டல். ஏன்னு சொல்றேன், ஆனா அதுக்கு முன்னாடி பணக்கணக்கை சரி பண்ணிக்கணும், ஏன்னா 650 டாலரையும் துப்பாக்கிலயே போட்டுட்டு மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்னு நினைக்கறவங்கதான் இங்க அதிகம், அந்த அப்புறம் வர்றதே இல்ல.

துப்பாக்கிக்கு 400 டாலர், அதுக்கு மேல போகாதீங்க. நல்ல ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை, 50 டாலர் பக்கம் ஆகும். பிராக்டிஸுக்கு சாதாரண 9 எம்எம் தோட்டா 200, கடைக்குக் கடை விலை மாறும், 60 டாலர் வச்சுக்கோங்க. இடுப்புல வைக்கறதுக்கு ஹாலோ பாயின்ட் தோட்டா (உள்ள போனதும் விரியற வகை) ரெண்டு டப்பா, டப்பாவுக்கு 20 தோட்டாதான் இருக்கும், விலை ஜாஸ்தி. வீட்ல வச்சு பூட்ட ஒரு சின்ன லாக் பாக்ஸ். இதுக்கே 600ஐத் தாண்டிடும், மிச்சத்துல ஒரு பேசிக் கிளாஸ். பணம் பத்தலைன்னா கிளாஸை வெட்டாதீங்க, துப்பாக்கில இறங்குங்க.

இப்போ அந்த குட்டி 380க்கு வர்றேன், 380ங்கறது தோட்டாவோட அளவு, 9 எம்எம்மை விட சின்னது. பாக்கெட்ல போடற சைஸ், கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல, கைல எடுத்தா பொம்மை மாதிரி இருக்கும், அதனாலதான் புதுசா வர்றவங்ககிட்ட அது சீக்கிரம் விலை போகுது. ஆனா சுட்டுப் பாருங்க. எடை கம்மியா இருந்தா உதை முழுக்க உங்க கைக்கு வரும், பிடில ரெண்டு விரல்தான் நிக்கும், சுண்டு விரல் கீழ தொங்கும், முன்னாடி பின்னாடி சைட்டுக்கு நடுவுல தூரம் கம்மிங்கறதால கொஞ்சம் கை ஆடினாலும் குறி எங்கயோ போகும். ஒரு டப்பா சுடறதுக்குள்ள கட்டை விரல் அடில வலிக்க ஆரம்பிச்சுடும், வலிக்கறதை யாரும் ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகற இடத்துக்கு) எடுத்துட்டுப் போய் பழக மாட்டாங்க. சின்ன துப்பாக்கி பழகினவங்களுக்கானது, புதுசா வர்றவங்களுக்கு இல்ல. இதை நான் கிளாஸ் எடுக்கற இடத்துல சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சாச்சு, ஆனாலும் சொல்லிக்கிட்டே இருக்கப் போறேன்.

கிளாக் 19 தப்பே இல்ல. 1988லேருந்து இருக்கு, 15 ரவுண்டு மேகசின் (15 தோட்டா பிடிக்கற பெட்டி), 4 இஞ்ச் பேரல் (குழல்), மேகசினோட சேர்த்து 670 கிராம் பக்கம், போலீஸ்காரங்க பல பேர் இடுப்புல இருக்கறது இதான், ஹோல்ஸ்டரும் ஸ்பேர் பார்ட்டும் எங்க போனாலும் கிடைக்கும். ஆனா புதுசு 500 டாலருக்கு மேல, பிடியும் கொஞ்சம் தடிமன். சின்ன கைக்கு டிரிகர் எட்டறதுக்காக துப்பாக்கியையே கைக்குள்ள திருப்பிப் பிடிப்பாங்க, அப்படிப் பிடிச்சா உதை நேரா முழங்கைக்குப் போகாம கட்டை விரல் கணுவுல வந்து அடிக்கும். ஒரு விஷயம், போலீஸ் டிப்பார்ட்மென்ட் திருப்பிக் குடுத்த பழைய கிளாக்னு சீப்பா விக்கறதுல நிறைய 40 காலிபரா (9 எம்எம்மை விடப் பெரிய தோட்டா) இருக்கும், எஃப்பிஐலேருந்து பல டிப்பார்ட்மென்ட் 40ஐ விட்டுட்டு 9 எம்எம்முக்குத் திரும்பினதால அவ்வளவும் மார்க்கெட்டுக்கு வந்துடுச்சு. விலையைப் பாத்து ஏமாறாதீங்க, 40 தோட்டா விலையும் ஜாஸ்தி உதையும் ஜாஸ்தி. அதே மாதிரி நல்ல நிலைல 9 எம்எம் கிளாக் 19 கிடைச்சு, உங்க கைக்கும் அது ஒத்து வந்துச்சுன்னா யோசிக்காம எடுத்துக்கோங்க.

ஷீல்ட் பிளஸ் 2021ல வந்தது, அதுக்கு முன்னாடி 2012லேருந்து சாதா ஷீல்ட் லட்சக்கணக்குல வித்தாச்சு, அதுல தேறின டிசைன்தான் இது. மெல்லிசா இருந்தாலும் 10 ரவுண்டு மேகசினும் 13 ரவுண்டு மேகசினும் போடலாம், 3.1 இஞ்ச் பேரல், எடை 570 கிராம் பக்கம். குட்டி 380 மாதிரி கைல துள்ளாது, கிளாக் 19 மாதிரி சட்டைக்குள்ள முண்டாது. கட்டை விரல் சேஃப்டி (கட்டை விரலால தள்ளற பூட்டு) வச்சதும் வருது, இல்லாததும் வருது. புதுசா பழகறவங்க சேஃப்டி இருக்கறதை வாங்கினா ஒண்ணும் குறைச்சல் இல்ல, ஆனா வாங்கிட்டா எடுக்கற ஒவ்வொரு தடவையும் அதைத் தள்ளிப் பழகணும், பாதி நாள் போட்டு பாதி நாள் போடாம இருக்கறதுதான் ஆபத்து.

டாரஸ் ஜி3சி பத்தி மனசுல பட்டதைச் சொல்றேன். பிரேசில் கம்பெனி, இப்போ ஜார்ஜியா மாநிலத்துலயும் ஃபேக்டரி இருக்கு. இவங்களோட பழைய PT வரிசை பிஸ்டல்கள் சிலது கீழ விழுந்தா வெடிக்குதுன்னு கிளாஸ் ஆக்‌ஷன் வழக்காகி 2015ல சமரசத்துக்கு வந்தாங்க, அந்தப் பேரு இன்னும் போகலை. ஜி3சி அந்த லிஸ்ட்ல இல்ல, அது வேற துப்பாக்கி, 12 ரவுண்டு, 300 டாலருக்குள்ளயே பெரும்பாலும் கிடைக்கும், நல்லா வேலை செய்யறதை நிறைய பாத்திருக்கேன். ஆனா ஒரே மாடல்ல ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் தரம் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். ஒருவேளை உங்க 650, 500 ஆயிடுச்சுன்னா ஜி3சி வாங்குங்க, தோட்டாச் செலவைக் குறைக்காம அதை நல்லா சோதிச்சுட்டு அப்புறம் இடுப்புல வையுங்க.

சோதிக்கறதுன்னா என்ன? எந்த கம்பெனியா இருந்தாலும் சாதாரண தோட்டா 200 சுடணும், அதுக்கு மேல நீங்க இடுப்புல வைக்கப் போற அதே ஹாலோ பாயின்ட்ல ஒரு டப்பாவாவது சுடணும், ஒரு தடவை கூட தோட்டா உள்ள மாட்டக்கூடாது. நடுவுல மாட்டிச்சுன்னா காரணம் கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டு எண்ணிக்கையை முதல்லேருந்து ஆரம்பிங்க. ஹாலோ பாயின்ட் எதுக்குன்னா அது உள்ள போனதும் விரிஞ்சு நிக்கும், சாதா தோட்டா ஆளைத் துளைச்சுட்டு பின்னாடி நிக்கறவங்க மேலயும் போகும், பார்க்கிங்ல பின்னாடி யாரு நிக்கறான்னு உங்களுக்குத் தெரியாது.

கடைல கைல எடுக்கறப்போ இதைப் பாருங்க. முதல்ல கடைக்காரர் ஸ்லைடை, அதாவது பிஸ்டலோட மேல் பாதியை, பின்னாடி இழுத்து உள்ள காலியான்னு உங்களுக்குக் காட்டணும், நீங்களும் கண்ணால பாத்து சுண்டு விரலால தொட்டுப் பாக்கணும். அப்புறம் ஆள் இல்லாத பக்கம் காட்டி, பேரல் உங்க முன்னங்கைக்கு நேர்க்கோட்ல வர்ற மாதிரி பிடிங்க. இப்போ ஆள்காட்டி விரல் டிரிகர்ல எங்க விழுதுன்னு பாருங்க, முதல் கணுவோட சதைப்பகுதி நடுவுல உக்காந்தா சரி, விரல் நுனி மட்டும் எட்டுதுன்னா அது உங்களுக்குப் பெருசு. சுண்டு விரல் பிடில நிக்குதா, மேகசின் பட்டன் எட்டுதா, இவ்வளவுதான். செருப்பைப் போட்டுப் பாக்காம வாங்குவோமா, இதையும் அப்படித்தான், அடுத்தவன் காலுக்கு நல்லா இருக்குங்கறது உங்களுக்கு உதவாது. முடிஞ்சா வாடகைக்குத் தர்ற ரேஞ்ச்ல போய் ஷீல்ட் பிளஸ், கிளாக் 19, ஜி3சி மூணுலயும் ஒவ்வொரு டப்பா சுட்டுட்டு முடிவு பண்ணுங்க, அந்தச் செலவு வீண் போகாது.

ஹோல்ஸ்டர் கைடெக்ஸ்ல இருக்கணும், அந்த கெட்டி பிளாஸ்டிக், உங்க மாடலுக்குன்னே செஞ்சதா இருக்கணும், டிரிகர் கார்டை (டிரிகரைச் சுத்தி இருக்கற வளையத்தை) முழுசா மூடணும். பத்து டாலர் துணி ஹோல்ஸ்டர் வேண்டாம், அது மடங்கி உள்ள போய் டிரிகரை அழுத்தின விபத்துகள் உண்டு. திருப்பி உள்ள வைக்கறப்போ அவசரமே படாதீங்க, சட்டையை மேல தூக்கிப் பிடிச்சு, கண்ணால பாத்து, மெதுவா வையுங்க, சட்டை நுனி டிரிகர்ல மாட்டறதுதான் இந்த வேலைல ரொம்ப சாதாரணமா நடக்கற விபத்து. நல்ல கெட்டி பெல்ட் ஒண்ணும் வேணும்.

வாங்கறப்போ ஃபார்ம் 4473 நிரப்பணும், கிரீன் கார்டு நம்பர் கேப்பாங்க, 21 வயசு ஆகியிருக்கணும், நிக்ஸ்ங்கற பின்னணி சோதனை அங்கயே ஓடும். கிரீன் கார்டு காரங்களுக்கு உடனே ஓகே வராம டிலேன்னு வர்றது சகஜம், பதறாதீங்க, சில நாள்ல வந்துடும்.

கடைசியா ஒண்ணு, உங்க மனைவிக்காகவும் சொல்றேன். கலெக்‌ஷனை ராத்திரி எடுத்துட்டு வராதீங்க. கடைல டிராப் சேஃப் (பணத்தை உள்ள போட்டுட்டா சாவி இல்லாம எடுக்க முடியாத பெட்டி) வையுங்க, பகல்ல வேற வேற நேரத்துல பேங்குக்குப் போங்க, மூடறப்போ ரெண்டு பேரா மூடுங்க, பார்க்கிங்ல லைட் போடுங்க. பணத்தைக் கேட்டா குடுத்துடுங்க. டெக்சாஸ் சட்டத்துல சில நேரம் சொத்தைக் காப்பாத்தக்கூட சுடலாம்னு ஒரு பிரிவு இருக்குங்கறது உண்மைதான், ஆனா அதை நம்பி 800 டாலர் கலெக்‌ஷனுக்காக ஒருத்தனைச் சுட்டா கோர்ட்டு, வக்கீல், தூக்கமில்லாத ராத்திரின்னு அது உங்க வாழ்க்கையவே எடுத்துக்கும். பணத்தைக் குடுத்த அப்புறமும் உயிரை எடுக்க வர்றான், தப்பிக்க வழியே இல்லங்கற அந்த நொடிக்குத்தான் இடுப்புல இருக்கறது.

கேள்வி (ஆஸ்டின்): நான் எச்1பில இருக்கேன், மனைவி எச்4. கிரீன் கார்டு கியூ எப்போ நகரும்னு தெரியலை. ஃப்ரெண்ட் சிட்டிசன், அவன் பேர்ல வாங்கி எனக்குத் தர்றேங்கறான். பண்ணலாமா?

பதில்: பண்ணவே பண்ணாதீங்க. மத்தவங்க தயங்கித் தயங்கிச் சொல்றதை நான் அழுத்தமாவே சொல்றேன். எச்1பி, எச்4, எஃப்1, விசிட்டர் விசா இதுல இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கறது மட்டும் இல்ல, கைல வச்சிருக்கறதே ஃபெடரல் குற்றம், மாநிலம் என்ன சொன்னாலும். வேட்டை லைசன்ஸ் மாதிரி சில விலக்கு இருக்கு, ஆனா அதைப் பிடிச்சுக்கிட்டு இடுப்புல மாட்டிட்டு சுத்தறதுக்கு முன்னாடி ஒரு இமிகிரேஷன் வக்கீல்கிட்ட காசு குடுத்துக் கேளுங்க, வாட்ஸ்ஆப் குரூப்ல கேக்காதீங்க. மாட்டினா ஜெயில் ஒரு பக்கம், இமிகிரேஷன் சட்டத்துல துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்தறதுக்கே தனிக் காரணம், இத்தனை வருஷம் காத்திருந்த கியூ அதோட முடிஞ்சுது.

ஃப்ரெண்ட் வாங்கித் தர்றது அதை விட மோசம். 4473ல முதல்ல கேக்கற கேள்விகள்ல ஒண்ணே நீங்கதான் உண்மையான வாங்கறவரான்னு, அவர் ஆமான்னு எழுதினா அது பொய், அதுக்கு அவரும் உள்ள போவார். பயமா இருந்தா கதவுக்கு நல்ல டெட்போல்ட், மூணு இஞ்ச் ஸ்க்ரூ போட்ட ஸ்ட்ரைக் பிளேட் (நிலைல பூட்டு நாக்கு போய் உக்கார்ற தகடு), வெளில கேமரா, பெப்பர் ஸ்ப்ரே, இதெல்லாம் விசா கேக்காது.

கேள்வி (சுகர் லேண்ட்): சார், எனக்கு 61 வயசு, சிட்டிசன். அவர் போன அப்புறம் தனியாத்தான் இருக்கேன். ரெண்டு கை விரல்லயும் ஆர்த்ரைட்டிஸ். ரேஞ்ச்ல ஸ்லைடை இழுக்கவே முடியலை. லேடீஸுக்கு ரிவால்வர்தான் சரின்னு ஒரு குட்டி ரிவால்வரைக் குடுத்தாங்க, அதோட டிரிகரும் கஷ்டமா இருக்கு. நான் இதுக்கு லாயக்கில்லையா?

பதில்: நீங்க லாயக்குதான்மா, உங்களுக்குக் குடுத்த துப்பாக்கிதான் லாயக்கில்ல. லேடீஸுக்கு குட்டி ரிவால்வர்ங்கற பேச்சை எவன் ஆரம்பிச்சானோ தெரியலை. அந்த இலேசான ரிவால்வர்கள் 400 கிராம் பக்கம்தான் இருக்கும், 38 தோட்டாவோட உதை அவ்வளவும் உங்க விரல் மூட்டுல வந்து நிக்கும், டிரிகரோ பெரிய பாரத்தை ஒத்தை விரலால இழுக்கற வேலை, ஆர்த்ரைட்டிஸ் கைக்கு அதை விடக் கொடுமை வேற இல்ல. அஞ்சே அஞ்சு ரவுண்டு வேற.

உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கறது ஸ்மித் அண்ட் வெசன் ஷீல்ட் ஈஸி, 380ல. 2018ல வந்தது. ஸ்லைடு ஸ்பிரிங் இலேசு, மேகசின்ல தோட்டா ஏத்தறதுக்குக் கூட கட்டை விரலுக்கு ஒரு பட்டன் வச்சிருக்காங்க, அது பல பேருக்குத் தெரியறதில்ல, ஆர்த்ரைட்டிஸ்காரங்களுக்கு ஸ்லைடை விட மேகசின்ல ஏத்தறதுதான் வலி. 380 சின்ன தோட்டாதான், ஆனா நான் முன்னாடி திட்டின பாக்கெட் சைஸ் இல்ல இது, அரை கிலோவுக்கு மேல எடை, முழுப் பிடி, அதனால உதை மெதுவா இருக்கும். பழசா வாங்கறதா இருந்தா ஒண்ணு மட்டும் பாருங்க, 2020 மார்ச்லேருந்து அக்டோபருக்குள்ள தயாரான ஷீல்ட் ஈஸி சிலதுல ஹேமர் பிரச்சனைன்னு கம்பெனியே கூப்பிட்டு மாத்திக் குடுத்தாங்க, சீரியல் நம்பரைக் குடுத்து அது சரியாச்சான்னு கேட்டுட்டு வாங்குங்க. இன்னும் விலை கம்மில வேணும்னா ரூகர் செக்யூரிட்டி 380, அதுலயும் ஸ்லைடு இலேசு.

ஸ்லைடு இழுக்கற விதத்தையும் மாத்துங்க. நம்ம எல்லாருமே துப்பாக்கியை முன்னாடி நீட்டிப் பிடிச்சு ரெண்டு விரலால பின்னாடி கிள்ளி இழுக்கறோம், அது விரல் பலம். அதுக்குப் பதிலா நெஞ்சுக்குப் பக்கத்துல கொண்டு வாங்க, பேரல் எதிர்ல டார்கெட் பக்கமே இருக்கட்டும், விரல் டிரிகருக்கு வெளில, இடது உள்ளங்கையால ஸ்லைடு மேல மூடி நாலு விரலாலயும் பிடிங்க, இடது கையை அசைக்காம வலது கையால துப்பாக்கியை முன்னாடி தள்ளுங்க. தோள் பலம் வேலை செய்யும், விரல் வெறுமனே பிடிச்சுக்கிட்டா போதும். வீட்ல காலி துப்பாக்கில, தோட்டாவை வேற ரூம்ல வச்சுட்டு, கொஞ்ச நாள் பழகுங்க. அப்படியும் கை வலிக்குதுன்னா விட்டுடுங்க, கதவும் பூட்டும் ஃபோனும் நல்ல நாயும் கூட பாதுகாப்புதான்.

கேள்வி (சான் அன்டோனியோ): நான் ரியல் எஸ்டேட் ஏஜென்ட், முன்ன பின்ன தெரியாதவங்களுக்கு காலி வீட்டைத் தனியாக் காட்ட வேண்டி இருக்கு. ஷீல்ட் பிளஸ் வாங்கிட்டேன். பாதி நாள் சுடிதார், பெல்ட் போட இடமில்ல. ஹேண்ட்பேக்ல போட்டுக்கலாமா?

பதில்: வேண்டாம். 2014 டிசம்பர்ல ஐடஹோல ஹேடன்ங்கற ஊர்ல வால்மார்ட்ல ஒரு அம்மா ரெண்டு வயசுக் குழந்தையைக் கார்ட்ல உக்கார வச்சு ஷாப்பிங் பண்ணிட்டிருந்தாங்க, துப்பாக்கிக்குன்னு தனி ஜிப் வச்ச ஹேண்ட்பேக்தான், குழந்தை அதுக்குள்ள கை விட்டு எடுத்து அம்மாவையே சுட்டுடுச்சு, அங்கயே உயிர் போச்சு. அவங்க லைசன்ஸ் வச்சிருந்தவங்க, பழகினவங்க. பேக்னா கீழ வைப்போம், சேர்ல மாட்டுவோம், தோழிகிட்ட ஒரு நிமிஷம் பிடிச்சுக்கோன்னு குடுப்போம். திருடனும் முதல்ல பிடுங்கறது அதைத்தான்.

சுடிதாருக்கு உடம்போட சேத்துக் கட்டற பெல்லி பேண்ட் இருக்கு, அகலமான எலாஸ்டிக், ஆனா அதுல டிரிகரை மூடற கெட்டி கைடெக்ஸ் கூடு இருக்கான்னு பாத்து வாங்குங்க, வெறும் எலாஸ்டிக் பாக்கெட் மட்டும்னா வேண்டாம். டாப்ஸ் கொஞ்சம் லூஸா, சைடு கட் இருந்தா எடுக்க சுலபம். கண்ணாடி முன்னாடி, காலி துப்பாக்கியோட, டாப்ஸை இடது கையால தூக்கி வலது கையால எடுக்கறதை நிறைய தடவை பண்ணிப் பாருங்க, துணி ஒவ்வொண்ணுக்கும் வித்தியாசமா மாட்டும். புடவை கட்டற நாள்ல எடுத்துட்டுப் போகாதீங்க, அவசரத்துல எடுக்க வராத இடத்துல இருக்கறது சுமைதான். அந்த மாதிரி நாள்ல ஆபீஸ்ல ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. சொல்லப்போனா தினமும் பண்ண வேண்டியது அதான், முதல் சந்திப்பு ஆபீஸ்ல, அவங்க ஐடியை ஃபோட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, வீட்டுக்குள்ள அவங்களை முன்னாடி விட்டு நீங்க கதவுப் பக்கம் நில்லுங்க.

கேள்வி (ஹூஸ்டன்): 2021லேருந்து டெக்சாஸ்ல பெர்மிட்டே வேண்டாம்னு ஆயிடுச்சே, அப்புறம் எதுக்கு எல்டிசி (துப்பாக்கி எடுத்துட்டுப் போற லைசன்ஸ்) எடுக்கணும்? கோயிலுக்கு எடுத்துட்டுப் போகலாமா?

பதில்: 2021 செப்டம்பர் 1லேருந்து 21 வயசான, சட்டப்படி தடையில்லாதவங்க லைசன்ஸ் இல்லாம எடுத்துட்டுப் போகலாம், உண்மைதான். ஆனாலும் எடுங்க. பசங்களை ஸ்கூல்ல விடறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஃபெடரல் சட்டப்படி ஸ்கூலைச் சுத்தி 1000 அடிக்குள்ள பப்ளிக் ரோட்ல துப்பாக்கியோட போகக்கூடாது, தோட்டா இல்லாம பூட்டின பெட்டில இருந்தா தவிர, அந்த மாநிலத்து லைசன்ஸ் இருக்கறவங்களுக்கு விலக்கு உண்டு. ஸ்கூல் கட்டிடத்துக்குள்ள லைசன்ஸ் இருந்தாலும் கூடாது. பக்கத்து மாநிலங்கள் பலதும் டெக்சாஸ் லைசன்ஸை ஏத்துக்கும், ஆனா நியூயார்க், நியூஜெர்சி, கலிஃபோர்னியா ஏத்துக்காது, நியூஜெர்சி எடிசன்ல இருக்கற அக்கா வீட்டுக்குப் போறப்போ வீட்லயே பூட்டி வச்சுட்டுப் போங்க. கோயிலுக்கும் கேட்டிருக்கீங்க, 2019லேருந்து வழிபாட்டு இடத்துல தானா தடை கிடையாது, வாசல்ல துப்பாக்கி கூடாதுன்னு சொல்ற 30.06, 30.07, 30.05 போர்டு எது இருக்குன்னு பாருங்க, கமிட்டில கேட்டுக்கோங்க. சாராயம் வித்து பாதிக்கு மேல வருமானம் பாக்கற இடத்துல 51ன்னு சிவப்பா எழுதியிருப்பாங்க, அங்க கூடவே கூடாது.

கேள்வி (ஃபிரிஸ்கோ): பழைய சிக் சாவர் கம்பெனி பி320 காம்பேக்ட் பிஸ்டல் ஒண்ணு நல்ல விலைக்கு வருது. வாங்கலாமா?

பதில்: நான் வாங்க மாட்டேன். 2017ல கம்பெனியே கூப்பிட்டு இலவசமா மாத்திக் குடுத்தாங்க, அதுக்கு அப்புறமும் டிரிகரைத் தொடாமயே வெடிச்சுதுன்னு நிறைய வழக்கு, கம்பெனி அதை மறுக்குது, சில வழக்குல ஜூரி கம்பெனிக்கு எதிரா தீர்ப்பு சொல்லியிருக்காங்க. எது உண்மைன்னு கோர்ட் பாத்துக்கட்டும், மார்க்கெட்ல இத்தனை இருக்கறப்போ சந்தேகத்தை இடுப்புல கட்டிக்க வேண்டியதில்ல. அதே கம்பெனியோட பி365 வேற டிசைன், 2018ல முதல்ல வந்ததுல ஃபயரிங் பின் உடையற பிரச்சனை இருந்துச்சு, அப்புறம் சரி பண்ணிட்டாங்க, இப்போ தயங்காம சொல்லலாம், விலைதான் கொஞ்சம் ஜாஸ்தி.

கேள்வி (பிளேனோ): ஷீல்ட் பிளஸ் நான் சுட்டா காலி ஷெல் (சுட்டு முடிஞ்ச தோட்டாக் கூடு) வெளில போகாம ஸ்லைடுல செங்குத்தா மாட்டிக்குது, இன்ஸ்ட்ரக்டர் சுட்டா ஒண்ணுமே ஆகலை. துப்பாக்கி கோளாறா?

பதில்: அவர் கைல ஓடுதுன்னா உங்க மணிக்கட்டுதான். ஸ்லைடு பின்னாடி போறப்போ கீழ இருக்கறது அசையாம நிக்கணும், கை தளர்ந்து அதுவும் கூடவே பின்னாடி போனா ஸ்லைடு முழு தூரம் போகாம பாதில திரும்பி ஷெல்லைக் கவ்விக்கும். பிடியை எவ்வளவு மேல பிடிக்க முடியுமோ அவ்வளவு மேல பிடிங்க, இடது கையால நல்லா இறுக்குங்க, மணிக்கட்டைப் பூட்டுங்க. புதுத் துப்பாக்கில ஃபேக்டரி எண்ணெயைத் துடைச்சுட்டு ஸ்லைடு ஓடற தண்டவாளத்துல ஒரு ஒரு சொட்டு நல்ல எண்ணெய் விடுங்க.

கேள்வி (ஃபோர்ட் வொர்த்): ஊர்லேருந்து அப்பா அம்மா ஆறு மாசம் விசிட்டர் விசால வர்றாங்க. வீட்ல 6 வயசுலயும் 14 வயசுலயும் பசங்க. அப்பாவை ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போகலாமா? திரும்பிப் போறப்போ நாங்களும் சென்னைக்கு வர்றோம்.

பதில்: அப்பாவை வெளில நின்னு பாக்கச் சொல்லுங்க, கைல குடுக்காதீங்க, விசிட்டர் விசாவுக்கும் மேல சொன்ன அதே தடைதான், ரேஞ்ச்ல யாரும் கேக்க மாட்டாங்கங்கறது சட்டம் ஆகாது. வீட்ல இருக்கற லாக் பாக்ஸ் நம்பரோ சாவியோ அவங்களுக்குத் தெரியக் கூடாது.

பசங்க விஷயத்துல டெக்சாஸ் சட்டமே இருக்கு, 17 வயசுக்குக் கீழ இருக்கறவங்க கைக்கு எட்டற மாதிரி லோடு பண்ணின துப்பாக்கியை வச்சு, அது அவங்க கைக்குப் போயிட்டா அது உங்க குற்றம். எல்லாரும் 6 வயசுக்காரனை நினைச்சுத்தான் அலமாரி மேல வைக்கறாங்க, எனக்கு 14 வயசை நினைச்சுத்தான் அதிக கவலை. இந்த நாட்டுல வருஷா வருஷம் துப்பாக்கியால சாகறவங்கள்ல பாதிக்கு மேல தற்கொலை. மார்க் குறைஞ்ச நாள்லயோ ஸ்கூல்ல யாரோ அவமானப்படுத்தின நாள்லயோ அந்தப் பெட்டி திறந்திருக்கக் கூடாது, அது ஒரு நாள்தான், ஆனா அந்த ஒரு நாள் எதுன்னு நமக்கு முன்னாடி தெரியாது. நம்பரைப் பசங்க பிறந்த நாளா வைக்காதீங்க, ஃபோன் பாஸ்வேர்டா வைக்காதீங்க, மாசத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. வீட்ல யாராவது மனசு சரியில்லாம இருந்தா துப்பாக்கியையே கொஞ்ச நாள் வீட்டை விட்டு வெளில வச்சுடுங்க, சில கன் ஷாப்ல இப்படி வச்சுக்கற வசதி உண்டு.

சென்னைப் பயணத்துக்கு வர்றேன், இது எல்லாருக்குமே. ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போற பேக்கை வேற எதுக்கும் எடுக்காதீங்க, தனியா ஒரு நிறத்துல வாங்கி வையுங்க. பேக் அடில ஜிப்போரமா ஒரே ஒரு 9 எம்எம் தோட்டா கிடந்தா நம்ம கண்ணுல படாது, எக்ஸ்ரேல படும். அமெரிக்க ஏர்போர்ட்ல கேபின் பேக்ல துப்பாக்கியோட வந்து பிடிபட்டது 2023ல மட்டும் 6,737, பெரும்பாலும் மறந்துட்டேன்னுதான் சொல்றாங்க. இங்க அபராதத்தோட போனாலும் போகும், இந்தியால அது 1959ம் வருஷத்து ஆயுதச் சட்டம், மறந்துட்டேன், அமெரிக்கால லைசன்ஸ் இருக்குன்னா எடுபடாது, திரும்பற ஃப்ளைட்ல ஒத்தைத் தோட்டாவோட பிடிபட்டு போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டுன்னு அலைஞ்சவங்க உண்டு. பேக் பண்றதுக்கு முந்தின நாள் ஒவ்வொரு பேக்கையும் தலைகீழாக் கவுத்துத் தட்டுங்க, ஜிப் பாக்கெட் ஒவ்வொண்ணுலயும் கையை விட்டுத் தடவிப் பாருங்க, ஜாக்கெட் பாக்கெட்டையும் விடாதீங்க, காலி ஷெல் கிடைச்சாலும் எடுத்துப் போட்டுடுங்க. அப்பா அம்மா பெட்டியையும் நீங்களே பாருங்க, வீட்ல பசங்க விளையாட்டா ஷெல்லை எடுத்து தாத்தா பெட்டில போட்டிருப்பாங்க.